பினாங்குத் தமிழர்: தோட்டத்திலிருந்து தாமானுக்கு

பினாங்கு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஜார்ஜ்டவுனும் லிட்டில் இந்தியாவும்தான் நினைவுக்கு வரும். 2020 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் சுமார் 17 லட்சத்து 40 ஆயிரம் பேர் வாழ்கின்றனர். அவர்களில் ஏறத்தாழ 9 லட்சத்து 46 ஆயிரம் பேர் தீவில் இல்லை, செபராங் பிறையில் இருக்கின்றனர். மாநில மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இந்தியர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

தோட்டத் தமிழரின் கதையும் செபராங் பிறையில்தான் தொடங்குகிறது. 1840களில் அங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகியபோது தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பும் 1938இல் நின்றது. கலிடோனியா, பைராம், வால்டோர், டிரான்ஸ்கிரியான், பத்து காவான் என்ற பெயர்கள் பல குடும்பங்களில் இன்றும் சொந்த ஊரின் பெயர்கள்.

ரப்பருக்குப் பின் வந்த செம்பனைக்கு அவ்வளவு ஆட்கள் தேவைப்படவில்லை. நிலமும் கை மாறியது. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். கோயில், பள்ளி எல்லாமே முதலாளியின் நிலத்தில்தான். குறைந்த கூலியில் சேர்ந்த சேமநிதியோ சொந்த வீட்டுக்குப் போதாது. பலர் நிபோங் திபால், சிம்பாங் அம்பாட், புக்கிட் மெர்தாஜம், பிறை வட்டாரங்களின் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் நகர்ந்தனர். பத்து காவானில் இப்போது தொழிற்பேட்டை நிற்கிறது; 2014 மார்ச் 1இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் அங்கேதான் கரையேறுகிறது. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் சிலவற்றின் பெயரில் மட்டும் ‘லாடாங்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தீவில் நடந்தது வேறு. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்ததும் பெண்பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினர். 2000 ஜனவரி 1 முதல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், பழைய ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்த பல இனக் குடும்பங்கள் வெளியேறின.

இனி வருமானம். பினாங்கின் இடைநிலைக் குடும்ப வருமானம் 2019இல் 6,169 வெள்ளி. 2022இல் 6,502 வெள்ளி. அதாவது பாதிக் குடும்பங்கள் அதற்கு மேல், பாதி கீழ். நாடு முழுவதும் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை 2022இல் 6,627 வெள்ளி. இதை மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் இது வீட்டில் உள்ள அனைவரின் வருமானத்தையும் கூட்டிய தொகை. தாமான் வீட்டில் நான்கு பேர் சம்பாதிப்பதும், அடுக்குமாடியில் ஒருவர் மட்டும் சம்பாதிப்பதும் ஒரே கணக்கில் கலந்துவிடுகின்றன.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளியானது. சராசரி வறுமைக் கோடோ 2022லேயே மாதம் 2,589 வெள்ளி. குடும்ப அளவுக்கேற்ப இந்தக் கோடு மாறும் என்றாலும், குறைந்தபட்ச சம்பளத்தில் ஒருவர் உழைத்து நான்கைந்து பேர் சாப்பிடும் வீடு அதற்குக் கீழேதான் விழும். தோட்டத்தில் கூலி குறைவு, உண்மைதான். ஆனால் வீட்டு வாடகை இல்லை, புருஷன் பெண்சாதி இருவருக்கும் வேலை இருந்தது. இன்று வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் போகத்தான் மீதி.

இத்தகைய குடும்பங்கள் மாவட்ட அலுவலகம் மூலம் இ-காசே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். வறுமை உதவித் திட்டங்கள் பலவற்றுக்கு அந்தப் பட்டியலில்தான் பெயர் தேடப்படுகிறது.