வெர்சாய்த் தோட்டம்: சலுகை உரிமையான வரலாறு

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகே பொதுமக்கள் வெர்சாய் அரச தோட்டத்தில் காலடி வைத்தார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பாட நூல்களில் அரண்மனை என்பது பூட்டிய கதவு. புரட்சி என்பது அதை உடைத்த கை. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தச் சித்திரம் நிற்பதில்லை. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம், அதற்கென வகுத்த வழித்தடம், அச்சிட்ட வழிகாட்டி நூல், பெருங்கூட்டம், கூட்டத்தால் நேரும் சேதம் ஆகிய அனைத்தும் முடியாட்சிக் காலத்திலேயே உருவாகிவிட்டன. பார்வையாளரை வளர்த்தவர் மன்னர். பார்வையாளரின் வருகைக்கு அடிப்படையாக இருந்த சலுகையை உரிமையாக்கியதே புரட்சியும் அதன் பின்வந்த காலமும் செய்த வேலை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வெர்சாயின் தொடக்கம் எளியது. 13ஆம் லூயி 1623இல் அங்கே ஒரு வேட்டை மாளிகை கட்டினார். அவர் மகன் 14ஆம் லூயி 1661 முதல் தோட்டக் கலைஞர் ஆந்திரே லெ நோத்ரைக் கொண்டு தோட்டத்தை விரிவாக்கினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று நிதியமைச்சர் ஃபூக்கே தம் வோ-லெ-விகோம்த் மாளிகையில் மன்னருக்கு விருந்து அளித்திருந்தார்; அந்தத் தோட்டமும் லெ நோத்ரின் கைவண்ணமே. சில வாரங்களில் ஃபூக்கே சிறைப்பட்டார். அழகான தோட்டம் அதன் உரிமையாளரின் வலிமையை ஊருக்கு அறிவிக்கும் என்பதை மன்னர் நன்கு உணர்ந்திருந்தார். 1664இல் வெர்சாய்த் தோட்டத்தில் நாள்கணக்கில் பெருவிழா நடந்தது. 1668இல் தொடங்கிய பெருங்கால்வாய் ஏறத்தாழ 1,670 மீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்டது. அரசவை நிரந்தரமாக அங்கே குடியேறியதோ 1682இல்தான். அரசு வந்து அமர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோட்டம் காட்சிக்கு வந்துவிட்டது என்ற இந்தக் கால வரிசை, அது எதற்காக அமைக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது.

தோட்டம் காட்சிக்காக அமைந்தது என்பதற்கு அதன் நீர்ப் பற்றாக்குறையும் ஒரு சான்று. 14 சக்கரங்களும் 221 பம்புகளும் கொண்ட மார்லி இயந்திரம் 1684 முதல் சேன் ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்றியது, அது போதவில்லை. யூர் ஆற்றைத் திருப்பிக் கொண்டுவரத் தொடங்கிய வேலை போரால் பாதியில் நின்றது. எல்லா ஊற்றுகளையும் நாள் முழுவதும் பாய்ச்சத் தண்ணீர் இல்லாததால், மன்னர் நெருங்கும்போது ஊற்றுப் பணியாளர்கள் சீழ்க்கையடித்து ஒருவருக்கொருவர் அறிவித்து, அந்தந்த ஊற்றை மட்டும் திறந்தார்கள். தண்ணீர் நடப்பவரின் வழியைப் பின்தொடர்ந்தது. ஆகவே நடப்பவரும் குறித்த வழியில் போக வேண்டியிருந்தது. 14ஆம் லூயியே வெர்சாய்த் தோட்டத்தைக் காட்டும் முறை குறித்துக் கையேடு ஒன்றை எழுதி, 1689 முதல் 1705 வரையிலான ஆண்டுகளில் பல முறை திருத்தினார். எங்கே திரும்ப வேண்டும், எங்கே நின்று எதை நோக்க வேண்டும் என்பதே அதன் பொருள். பார்க்கும் முறையையும் ஆள வேண்டியதாக ஓர் அரசர் கருதினார் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

அந்தக் கையேடு விருந்தினரான அரசகுலத்தாருக்கும் தூதர்களுக்கும் மட்டுமே பயன்பட்டிருக்கும். அதைக் கொண்டு பொதுமக்களைப் பற்றி முடிவு கட்டலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஃபெலிபியான் எழுதிய வெர்சாய் விவரணை 1674லேயே அச்சாகிவிட்டது. பிகானியோல் த லா ஃபோர்ஸின் விரிவான நூல் 1701இல் வந்தது. காசு கொடுத்து வாங்கும் வாசகர் இருந்ததாலேயே இத்தகைய நூல்கள் அச்சேறின. 1685இல் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. பாரிஸிலிருந்து திரண்டுவந்த கூட்டத்தால் மன்னரால் உலாவ முடியவில்லை. சிலைகளும் சாடிகளும் சேதமடைந்தன. எனவே அரசவையினரையும் அவர்கள் அழைத்து வருவோரையும் தவிர வேறெவரையும் விடக் கூடாது என்று ஆணை பிறந்தது. தடை போடும் அளவுக்குக் கூட்டம் இருந்தது என்பதற்கு இந்த ஆணையே ஆதாரம். 1704இல் பொழில்களைச் சுற்றியிருந்த கம்பிக் கதவுகளை அகற்றச் செய்து, தோட்டமும் ஊற்றுகளும் பொதுமக்களுக்கு உரியவை என மன்னர் அறிவித்ததாக அரசவை நாட்குறிப்பு பதிவு செய்கிறது.

ஒரே வாயால் மூடவும் திறக்கவும் முடிந்தது என்றால், அதை எப்படிப் பொதுவெளி என்பது? இதுவே வலுவான மறுப்பு. இதை ஏற்கத்தான் வேண்டும். அரசர் தந்தது சலுகை. ஆயினும் நீண்டகாலச் சலுகை வழக்கமாக இறுகிவிடுகிறது. அரண்மனைக்குள் நுழையும் ஆண்களுக்கு இடுப்பில் வாள் வேண்டும் என்ற விதியே வாசலில் வாடகை வாளுக்கு வழி செய்தது. 1787இல் வந்த ஆங்கிலேயர் ஆர்தர் யங், கந்தலுடுத்தியவர்கள் மன்னரின் படுக்கை அறையில்கூடத் தடையின்றி நடமாடியதைக் கண்டு வியந்து எழுதினார். இந்தப் பின்னணியில்தான், 1774இல் பெத்தி த்ரியானோன் மாளிகையைப் பெற்ற அரசி மரி அந்துவானெத், தம் அனுமதியின்றி எவரும் அங்கே வரக் கூடாது என்று விதித்ததைப் புரிந்துகொள்ள வேண்டும். வேறு நாட்டில் இயல்பாகத் தோன்றக்கூடிய தனிமை அங்கே வழக்கத்தை மீறியதாகப் பட்டு, வதந்திகளுக்கு விளைநிலமானது.

புரட்சி வெடித்த 1789இன் அக்டோபரில் அரச குடும்பம் வெர்சாயை விட்டு நீங்கியது. 1793-94இல் அரண்மனைத் தட்டுமுட்டுகள் 17,000க்கும் மேற்பட்ட தொகுதிகளாக ஏலம் போயின. 1837 ஜூனில் மன்னர் லூயி பிலிப், பிரான்சின் எல்லாப் பெருமைகளுக்கும் உரியது என்ற வாசகத்தோடு அரண்மனையை அருங்காட்சியகமாகத் திறந்தார். 1839இல் பாரிஸிலிருந்து ரயிலும் வந்தது. 1842 மே 8 அன்று மன்னரின் பெயர்நாள் விழாவில் ஊற்றுகளைக் கண்டு திரும்பிய கூட்டத்தை ஏற்றிவந்த ரயில் மெதோன் அருகே விபத்துக்குள்ளாகி 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வந்து சேரும் வழி மாறியிருந்தது; கூட்டம் தேடி வந்தது அதே ஊற்றுகளைத்தான்.

ஆகவே 1789ஐ வெர்சாய்ப் பார்வையாளரின் பிறந்த ஆண்டாகக் கொள்வது பிழை. அதற்கு முன் அவர் அரசரின் விருப்பத்தால் வந்தார். பின்னர் குடிமகனாக வந்தார். தோட்டம் மட்டும் தன் பழைய ஒழுங்கை விடவில்லை. இன்றும் அங்கே ஊற்றுகள் குறித்த நாளில், குறித்த நேரத்தில் மட்டுமே பாய்கின்றன.