இயற்பியலைக் கைவிட்ட மாணவர்கள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் பெரும்பாலும் விருப்பப் பாடம். கடினமென்று பட்டால் எடுக்காமலே விடலாம்; பலர் அப்படித்தான் விட்டார்கள்.

1956இல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜெரால்டு சக்கரியாஸ் தலைமையில் ஒரு குழு அந்தப் பாடத்தைப் புதிதாக எழுத முனைந்தது. மறு ஆண்டு சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியதும் அறிவியல் கல்விக்கு அரசுப் பணம் தாராளமாக வந்தது. 1960இல் வெளியான பாடநூல் சூத்திரங்களை ஒப்பிக்கச் சொல்லவில்லை. நீர்த்தொட்டியில் அலை எழுப்பி, ஒளியின் இயல்பை மாணவரையே யோசிக்க வைத்தது. அருமையான நூல்தான். ஆனால் சராசரி மாணவருக்கு மலைப்பு. இயற்பியலை விட்டு விலகும் போக்கு நிற்கவில்லை.

விலகியவர்களைக் குறைசொல்லாமல் பாடத்தையே கேள்வி கேட்டார்கள் ஹார்வர்டின் ஜெரால்டு ஹோல்டன், ஃபிளெட்சர் வாட்சன், ஜேம்ஸ் ரதர்ஃபோர்டு மூவரும். நியாயமான கேள்வி அது. அறிவியலின் வரலாற்றையும் தத்துவத்தையும் சேர்த்து அவர்கள் உருவாக்கிய ‘புராஜெக்ட் ஃபிசிக்ஸ்’ 1970இல் வெளிவந்தது.