முன்னால் ஒரு சர்வர், பின்னால் ஒரு பைனரி

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமேசானில் புத்தகம் தேடியவர்களின் முகவரிப் பட்டையில் ‘எக்ஸெக்/ஒபிடோஸ்’ என்றொரு துண்டு தென்படும். ஈபேயில் ஏலம் கேட்டவர்கள் ‘ஈபேஐசாப்பி.டிஎல்எல்’ என்ற கோப்புப் பெயரைப் பார்த்திருப்பார்கள். பொருள் வாங்க வந்தவருக்கு இவற்றால் பயன் ஏதுமில்லை. இணையத்தின் பழைய கதையைத் தேடுபவருக்கோ இவை கல்வெட்டுக்குச் சமம். ஒபிடோஸ், 1995 ஜூலையில் கடை திறந்த அமேசான் பல ஆண்டுகள் நம்பியிருந்த ஒரு பெரிய நிரல். சி மொழியில் எழுதி கம்பைல் செய்தது. ஈபேயின் டிஎல்எல், சி++ மொழியில் எழுதி மைக்ரோசாஃப்ட் சர்வருக்குள் செருகியது. இணையம் பெர்ல், பிஎச்பி போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளில் தொடங்கியது, கம்பைல் செய்யும் மொழிகள் கோ, ரஸ்ட் வந்த பிறகுதான் உள்ளே நுழைந்தன என்று இன்று பலரும் நம்புகிறார்கள். அந்த இரண்டு முகவரிகளும் அதை மறுக்கின்றன. கம்பைல் செய்த நிரல் தொடக்கத்திலேயே இருந்தது, நடுவில் ஒதுங்கியது, பிறகு திரும்பியது. ஒதுங்கியதற்கும் திரும்பியதற்கும் வேகத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். கட்டிய இடத்திலிருந்து ஓடும் இடத்துக்கு நிரலைக் கொண்டுபோக என்ன செலவாகிறது, போன இடத்தில் அது வெப் சர்வரோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்ற இரண்டும்தான் இந்த வரலாற்றைத் தீர்மானித்தன என்பது என் வாதம்.

1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய எச்டிடிபிடி சர்வரின் முதல் வேலை, கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பது. தேடலோ படிவமோ வேண்டுமென்றால் பின்னால் ஒரு நிரல் ஓட வேண்டும். அதற்காக அந்த ஆண்டில் உருவான உடன்பாடுதான் சிஜிஐ. சர்வர் ஒரு புதிய பிராசஸைத் தொடங்கும். கேள்வியின் விவரங்களைச் சூழல் மாறிகளில் வைக்கும். படிவத்தில் நிரப்பியதை உள்ளீடாகத் தரும். நிரல் அச்சிடுவதை வாங்கிப் பிரவுசருக்கு அனுப்பும். அதோடு நிரலின் ஆயுள் முடியும். யுனிக்ஸில் ஏற்கெனவே இருந்ததை மட்டும் வைத்துச் செய்த ஏற்பாடு என்பதால், என்ன மொழி என்ற கேள்வி எழவே இல்லை. என்சிஎஸ்ஏ சர்வரோடு வந்த மாதிரி நிரல்களில் சி மொழியில் எழுதியவை இருந்தன. படத்தின் எந்தப் பகுதியைச் சொடுக்கினார்கள் என்று பார்த்து உரிய பக்கத்துக்கு அனுப்பும் ‘இமேஜ்மேப்’ அவற்றில் ஒன்று. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995 ஜூனில் வெளியிட்ட பிஎச்பி-யின் முதல் வடிவமே சி-யில் எழுதிய சிஜிஐ பைனரிகளின் தொகுப்புதான். அன்று பெரும்பாலும் நிரலைக் கட்டிய கணினியும் அது ஓடிய கணினியும் ஒன்றே. ‘மேக்’ என்று தட்டினால் பைனரி அதே வட்டில், அங்கிருந்த லைப்ரரிகளோடு பொருந்தியே பிறக்கும். சிஜிஐ அடைவுக்கு நகலெடுத்தால் வேலை முடிந்தது. சர்வரில் ஏற்றுவது என்று தனியாக ஒரு தொழில் தேவைப்படவில்லை.

இந்த ஒருமையை உடைத்தது வாடகை இடம். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரே கணினியை நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹோஸ்டிங் வியாபாரம் பரவியது. வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் ஒரு எஃப்டிபி கணக்கு மட்டும் கிடைக்கும். அங்கே கம்பைலர் இருக்காது; இருந்தாலும் அதைத் தொட அனுமதி இருக்காது. தன் விண்டோஸ் கணினியில் கம்பைல் செய்த பைனரி அந்த லினக்ஸ் அல்லது ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் ஓடாது. லினக்ஸிலேயே கட்டினாலும், அங்கிருக்கும் சி லைப்ரரி ஒரு பதிப்பு பழையதாக இருந்தால் நிரல் தொடங்கவே மறுக்கும். பிஎச்பி கோப்புக்கு இந்தத் தொல்லைகள் எதுவுமில்லை: நகலெடுத்தால் ஓடும். சி-யில் எழுதுவது கடினம், ஒரு எழுத்துச்சரத்தைக் கையாள்வதற்குள் நினைவகப் பிழை வந்துவிடும் என்பதெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சிஜிஐ-யின் மெத்தனம் சி-யைவிடப் பெர்லைத்தான் அதிகம் வாட்டியது. ஒவ்வொரு கேள்விக்கும் இன்டர்பிரெட்டர் புதிதாக எழுந்து, ஸ்கிரிப்டைப் படித்து, அலசி, பிறகுதான் வேலையைத் தொடங்கும். சிறிய சி பைனரிக்கு அந்தச் சுமை இல்லை. வேகம் மட்டுமே நடுவராக இருந்திருந்தால் ஒதுங்கியிருக்க வேண்டியது பெர்ல்தான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. யாஹூ தன் சொந்தக் கணினிகளில் ஓடிய நிறுவனம். வாடகை இடத்தின் நெருக்கடி அதற்குக் கிடையாது. ஆனாலும் சி, சி++ மொழிகளில் தானே உருவாக்கிய கருவிகளை விட்டு 2002-இல் பிஎச்பி-க்கு மாறுவதாக அறிவித்தது. என் வாதம் இங்கே அடிபடுகிறதா? யாஹூ எதை மாற்றியது என்று பார்க்க வேண்டும். நாள்தோறும் திருத்த வேண்டிய பக்க அடுக்குதான் பிஎச்பி-க்குப் போனது. பின்னால் கனமான வேலை செய்த சி, சி++ லைப்ரரிகள் நீட்சிகளாகத் தொடர்ந்தன. அடிக்கடி மாறுவதைக் கோப்பு நகலாகவும், அரிதாக மாறுவதைப் பைனரியாகவும் வைத்திருந்தார்கள். ஏற்றும் செலவுதான் அங்கேயும் கோடு கிழித்தது.

சிஜிஐ-யின் சுமையைக் குறைக்க அந்தக் காலம் தேர்ந்த முக்கிய வழி, நிரலைச் சர்வரின் வயிற்றுக்குள் வைப்பது. நெட்ஸ்கேப்பின் என்எஸ்ஏபிஐ, மைக்ரோசாஃப்டின் ஐசாப்பி, 1995-இல் என்சிஎஸ்ஏ சர்வரின் திருத்தங்களிலிருந்து வளர்ந்த அப்பாச்சியின் மாட்யூல்கள் எல்லாம் இந்த வகை. புதிய பிராசஸ் தொடங்கும் செலவு போனது. பதிலுக்கு வந்த செலவு பெரிது. நிரலில் ஒரு பாயின்டர் தவறினால் சர்வரே விழும். ஓடிக்கொண்டிருக்கும் டிஎல்எல்-ஐ மாற்ற வேண்டுமானால் சர்வரிலிருந்து அதை முதலில் இறக்க வேண்டும். ஈபே இதன் எல்லையை முட்டிப் பார்த்தது. அதன் சி++ டிஎல்எல் 33 லட்சம் வரிகளாகவும் 150 எம்பி பைனரியாகவும் ஊதியதை, ஒரு கிளாஸில் எத்தனை மெத்தடுகள் இருக்கலாம் என்ற கம்பைலரின் உச்சவரம்பையே தொட்டதை, அந்நிறுவனத்தின் பொறியாளர்களே 2006-இல் பொதுமேடையில் விவரித்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே பைனரிக்காக எழுதினால், ஒருவரின் ஒரு வரித் திருத்தமும் முழுக் கட்டுமானத்துக்காகக் காத்திருக்கும். ஈபே ஜாவாவுக்கு நகர்ந்தது. கம்பைல் செய்தது என்பதற்காக அந்த டிஎல்எல் தோற்கவில்லை. பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டதால் தோற்றது.

எதிர்த்திசையில் ஒரு சிறிய மரபு வளர்ந்தது, எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். 1996-இல் ஓப்பன் மார்க்கெட் நிறுவனம் முன்வைத்த ஃபாஸ்ட்சிஜிஐ, நிரலைத் தனிப் பிராசஸாகவே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் சாகாமல் தொடர்ந்து ஓடவிட்டது. பெர்லை அப்பாச்சிக்குள்ளேயே வைக்கும் மாட்பெர்லைப் பயன்படுத்தியவர்கள் வேறொரு நெருக்கடியிலிருந்து அதே இடத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய அப்பாச்சி பிராசஸ் ஒவ்வொன்றும் பெர்லைச் சுமந்து பல எம்பி நினைவகத்தைப் பிடித்திருக்கும். 28.8 கிலோபிட் மோடமில் 50 கிலோபைட் பக்கம் ஒன்று போய்ச்சேர ஏறத்தாழ 14 விநாடி ஆகும். பக்கத்தைத் தயாரிக்க ஒரு விநாடிகூட ஆகாத அந்தக் கனத்த பிராசஸ், மீதி நேரமெல்லாம் கம்பியின் மறுமுனைக்காகக் காத்துக் கிடந்தது. ஆகவே முன்னால் ஓர் இலகுவான சர்வரை நிறுத்தினார்கள். பின்னால் இருப்பது பதிலை ஒரே மூச்சில் அதனிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். மெதுவான மோடத்தோடு முன்னால் இருப்பது பொறுமையாகப் பேசும். ஒரே கணினியில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்று 1999-இல் டான் கெகல் எழுப்பிய கேள்வி இந்த முன்நிலைச் சர்வரைத் தனிக் கலையாக்கியது. ரஷ்யாவில் ராம்ப்ளர் நிறுவனத்தில் வேலை செய்த இகோர் சிசோயெவ் 2002-இல் எழுதத் தொடங்கி 2004 அக்டோபரில் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அந்தக் கலையின் முதிர்ந்த வடிவம். 2006-இல் ஸெட் ஷா ரூபி நிரல்களுக்காக எழுதிய மாங்ரெல் இன்னொரு படி போனது: முன்னும் பின்னும் பேசிக்கொள்ளத் தனி உடன்பாடு எதற்கு, எச்டிடிபியே போதுமே என்றது. அந்த நிமிடத்திலிருந்து பின்னால் இருப்பது எந்த மொழி என்று முன்னால் இருப்பதற்குத் தெரிய வேண்டியதில்லை. கம்பைல் செய்த நிரல் திரும்பி வர வாசல் திறந்ததும் அப்போதுதான்.

வாசல் திறந்தாலும் கொண்டுவரும் செலவு குறைய வேண்டியிருந்தது. ஃபேஸ்புக் 2010-இல் வெளியிட்ட ஹிப்ஹாப், பிஎச்பி-யைச் சி++ ஆக மாற்றி ஒரே பைனரியாகக் கட்டியது. ஓட்டத்தில் அது பெரிய லாபம். ஆனால் பைனரி ஒரு ஜிபியைத் தாண்ட, ஆயிரக்கணக்கான சர்வர்களுக்கு அதைக் கொண்டுசேர்க்கப் பிட்டொரென்ட்டை நாட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட வசதி இல்லாத சிறு குழுவுக்கு விடை தந்தது கோ. 2009 நவம்பரில் கூகுள் அறிவித்து 2012 மார்ச்சில் முதல் நிலைப் பதிப்பைக் கண்ட அந்த மொழி, தனக்குத் தேவையான கோ லைப்ரரிகளையெல்லாம் பைனரிக்குள்ளேயே அடக்கியது; சி லைப்ரரியையும் தவிர்த்துக் கட்ட முடியும். 2015-இன் 1.5 பதிப்பு முதல், மேக் கணினியில் உட்கார்ந்து லினக்ஸ் பைனரியைக் கட்ட இரண்டு சூழல் மாறிகள் போதும். 2021 பிப்ரவரியின் 1.16 பதிப்பு, எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கோப்புகளையும் உள்ளே வைக்க வழி செய்தது. 1997-இல் எஃப்டிபி வழியே பிஎச்பி கோப்பை நகலெடுத்தவருக்கு இருந்த எளிமை அத்தனையும் இப்போது பைனரிக்கும் கிடைத்தது. வாடகைக்கு வருவதும் இப்போது எஃப்டிபி கணக்காக இல்லாமல் முழு மெய்நிகர் கணினியாக இருந்தது.

கோ மொழியிலேயே நல்ல எச்டிடிபி சர்வர் இருக்கும்போது முன்னால் இன்னொன்று ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, கூகுளின் தரவிறக்கத் தளம் அப்படியொரு கோ நிரலாகவே மாற்றி எழுதப்பட்டது. ஆனால் கூகுளுக்கு முன்னால் வேறு அரண்கள் உண்டு. ஒற்றைக் கணினியில் நிலைமை வேறு. 1024-க்குக் கீழான போர்ட்டுகளைத் திறக்கச் சிறப்பு உரிமை வேண்டும் என்பது பிஎஸ்டி யுனிக்ஸ் விட்டுச்சென்ற மரபு; 80-ஐயும் 443-ஐயும் ஒரு சர்வர் வைத்துக்கொண்டால், நிரல் சாதாரணப் பயனராக 8080-இல் ஓடலாம். லினக்ஸில் அந்த உரிமையை மட்டும் தனியே தர முடியும் என்பது சரியே. ஆனால் ஒரே கணினியில் மூன்று நிரல்கள் 443-ஐக் கேட்டால் யாருக்குத் தருவது? மெதுமெதுவாகத் தலைப்புகளை அனுப்பி இணைப்பைப் பிடித்துவைக்கும் ஸ்லோலோரிஸ் தாக்குதல் 2009-இல் வெளியானபோது அப்பாச்சி திணறியது, என்ஜின்எக்ஸ் தாங்கியது. கோவின் எச்டிடிபி சர்வரோ எழுதுபவர் தாமே அமைக்காவிட்டால் கால வரம்பே இல்லாமல் காத்திருக்கும். 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் பொதுமக்களுக்குத் திறந்த பிறகு, சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலையும் முன்நிலைக்கே சேர்ந்தது. அதைத் தானாகவே செய்யும் கேடி சர்வர் கோ மொழியில் எழுதியது. அதையும் பலர் தங்கள் கோ நிரலுக்கு முன்னால்தான் நிறுத்துகிறார்கள்.

முன்னால் நிற்கும் இந்தச் சுவர் இலவசமல்ல. பின்னால் இருக்கும் நிரலுக்கு எல்லாக் கேள்விகளும் தன் கணினியிலிருந்தே வருவதாகத் தெரியும். உண்மையான முகவரியைத் தனித் தலைப்பில் அனுப்ப வேண்டும், யார் அனுப்பியதை நம்புவது என்று நிரல் தெளிவாக இருக்க வேண்டும். அதைவிடக் கடுமையான குறை 2005-இல் விவரிக்கப்பட்டது. ஒரு கோரிக்கை எங்கே முடிகிறது என்பதில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் வேறுபட்டால், அந்த இடைவெளியில் இன்னொரு கோரிக்கையைக் கடத்தலாம். நீளத்தை எண்ணிச் சொல்லும் தலைப்பும் துண்டுதுண்டாக வருகிறது என்று சொல்லும் தலைப்பும் ஒன்றாக வந்தால் இது நேரும். இரண்டு பாகங்களாகப் பிரித்ததால் மட்டுமே பிறந்த ஆபத்து இது. ஒரே சர்வராக இருந்தால் இருக்காது. ஆனால் உள்ளே ஒட்டி வைத்த காலத்தின் குறைகளை அவரவர் தம் பைனரிக்குள்ளேயே சுமந்தார்கள். இந்தக் குறையோ பொது உடன்பாட்டில் இருந்ததால் பொதுவில் திருத்த முடிந்தது: 2014-இல் வந்த எச்டிடிபி வரையறை, இரண்டும் சேர்ந்து வந்தால் துண்டு முறையே செல்லும், அப்படி வருவதையே பிழையாகக் கருத வேண்டும் என்று எழுதியது. 2022-இன் வரையறையும் அதையே நிலைநிறுத்தியது.