கரிசல் ஊரில் பச்சை வரைந்தவர்

வணிகவியல் படிக்கிறவனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு ஓவியம் தெரியாதுதான். ஆனால் கோவில்பட்டியில் பிறந்தவனுக்குத் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் போல, காலண்டரும் தெரியும்.

எங்கள் ஆச்சி வீட்டுச் சுவரில் ஒரு பழைய லட்சுமி படம் உண்டு. காலண்டரில் வந்த படம். கீழே இருந்த கடைப் பெயரை வெட்டிவிட்டு சட்டம் போட்டிருக்கிறார்கள். தாமரைக் குளம், அன்னம், பின்னால் நீல மலை, ஒரு அருவி. சின்ன வயதில், "இந்த இடம் எங்க ஆச்சி இருக்கு?" என்று கேட்டேன். "அது சாமி இருக்கிற ஊருய்யா" என்றாள். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் வெடித்துக் கிடக்கும் கரிசல் காடும், உடைமரமும், பனையும்தான் தெரியும்.

அந்தப் படத்தை வரைந்தவர் சி. கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதினார். 1940-களில் நாடகக் கம்பெனியோடு கோவில்பட்டிக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். 1976-ல் மறையும் வரை இதுதான் அவர் ஊர். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் போன்ற சீடர்கள் உருவானார்கள். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்களும் உண்டு.

இந்த வறண்ட ஊரில் உட்கார்ந்து அவர் எப்படி அவ்வளவு தண்ணீரை வரைந்தார்? நாடகத் திரையை நினைத்துப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. மேடையில் நடிகர் முன்னால் நிற்பார். பின்னால் காடோ, நதியோ, அரண்மனையோ தொங்கும். காலண்டரிலும் அப்படியே. சாமி முன்னால், இயற்கை பின்னால். சாமி படத்துக்குப் பின்னால் நிஜமான இடம்போல் மலையையும் வானத்தையும் எழுதும் வழக்கத்தை அவருக்கு முன்பே ரவி வர்மாவின் அச்சுப் படங்கள் 1890-களிலிருந்து நாடெங்கும் பரப்பியிருந்தன.

இன்னொரு விடை என் பாடப்புத்தகம் சொல்வது: தேவை. பக்கத்தில் சிவகாசியில் அச்சகங்கள். அங்கே ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியிடுவது வழக்கம். ஏஜெண்டு ஆல்பத்தை விரிப்பார், கடைக்காரர் படத்தைத் தேர்ந்தெடுப்பார், கீழே கடைப் பெயர் ஏறும். புது வருஷத்துக்கு வாடிக்கையாளர் கையில் வெடித்த நிலத்தின் படத்தை எந்தக் கடைக்காரர் கொடுப்பார்? செழிப்பைத்தான் கொடுப்பார். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைக்கிற சம்சாரிக்கும் அதுதான் வேண்டும்.

'கண்ணால் காணாத இயற்கை பொய்தானே' என்று கல்லூரி நண்பன் ஒருவன் வாதிட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருப்பதை வரைவது ஒரு வகை. இல்லாததற்கு ஏங்கி வரைவது இன்னொரு வகை. கரிசல் மண்ணின் தாகத்தைப் பச்சையிலும் நீலத்திலும் எழுதியவர் என்றே நான் அவரைப் பார்க்கிறேன். அருவி பாயும் குற்றாலத்தில் இருந்திருந்தால் அவருடைய படங்களை வாங்கியவர்கள் இவ்வளவு ஆசையாகச் சட்டம் போட்டிருப்பார்களா?

ஒரு வருத்தம் மட்டும். லட்சக்கணக்கில் அச்சான பொருளுக்கு மதிப்பு இல்லை என்பது சந்தை விதி. டிசம்பர் முடிந்தால் காலண்டர் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. இப்போது கம்ப்யூட்டரில் படங்களை ஒட்டிச் சேர்த்து ஆல்பம் தயாராகிறது. கையால் எழுதிய பின்னணிகள் அருகிவிட்டன. ஆச்சி வீட்டுப் படத்திலேயே கடைப் பெயரை வெட்டியபோது கத்தரி கையெழுத்திலும் விழுந்து, 'கொண்டை' என்பது வரைதான் மிச்சம் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் பழைய சாமி படம் இருக்கும். எடைக்குப் போடுமுன் கீழ் மூலையைக் கொஞ்சம் பாருங்கள். எங்கள் ஊர்க்காரர் பெயர் இருந்தாலும் இருக்கும்.