சேர்க்கை விதியும் தொண்டின் ஆயுளும்: ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு நூற்றாண்டு

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகத் திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கும் ஜவ்வாது மலையில், சாமையும் கேழ்வரகும் பயிரிட்டு வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் பல தலைமுறைகளாகக் குடியிருந்து வருகின்றனர். கேரளத்து மலையாளிகளோடு தொடர்பில்லாத இம்மக்கள், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரின் வழிவந்தவர்கள் என்று தம் மரபுக் கதைகளில் சொல்லிக்கொள்கின்றனர். மேற்குப் பகுதியில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று பெயர்களிலேயே காணப்படுவதுபோல், பல சிற்றூர்கள் சேர்ந்த தொகுதி இங்கு ‘நாடு’ எனப்படுகிறது. ஊர்க்கவுண்டர், நாட்டார் முதலிய மரபுத் தலைவர்களை முன்னிட்டு வழக்கு, திருமணம், சாவு, திருவிழா ஆகியவற்றை ஊரே கூடி நடத்தும் இவ்வமைப்பில் பிறப்பே உறுப்புரிமை என்பதால், ஆள் சேர்ப்பது என்னும் கவலைக்கே இடமில்லை. அடிவார நகரங்களில் 20ஆம் நூற்றாண்டில் தோன்றிய தொண்டு அமைப்புகளின் நிலையோ இதற்கு நேர்மாறானது. விருப்பத்தின் பேரில் மட்டும் கூடிய அவை, ஒவ்வொரு தலைமுறையிலும் புதியவர்களைத் தேடிச் சேர்த்தாலன்றி நீடிக்க முடியாதவை. அவற்றின் வரலாறு பெரும்பாலும் அவை செய்த நற்பணிகளின் பட்டியலாகவே எழுதப்பட்டிருப்பினும், அவற்றின் ஆயுளை நிர்ணயித்தது யாரை, எந்த நிபந்தனையோடு உள்ளே சேர்த்தன என்பதுதான்.

அவ்வமைப்புகளுள் நிபந்தனையில் மிகக் கடுமையானது 1921இல் திருப்பத்தூரில் தொடங்கப்பட்ட கிறிஸ்துகுல ஆசிரமமாகும். மருத்துவரான சவரிராயன் இயேசுதாசனும், ஸ்காட்லாந்தின் ஆலோவா நகரில் கம்பளி நூல் தொழிலில் பெயர்பெற்ற குடும்பத்தில் பிறந்த மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து நிறுவிய இவ்வாசிரமத்தில், இந்தியரும் ஐரோப்பியரும் ஒரே பந்தியில் தரையில் அமர்ந்து உண்டு, கதர் உடுத்தி, ஊதியம் பெறாமல், நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்து வாழ்ந்தனர். இருவரையும் சுற்றியிருந்தோர் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். தென்னிந்தியக் கோயில்களின் அமைப்பைப் பின்பற்றிக் கோபுரத்தோடு எழுப்பப்பட்ட ஜெபாலயம், அதாவது அவர்களுடைய வழிபாட்டுக் கூடம், சீர்திருத்தத் திருச்சபையினர் இம்மண்ணின் கட்டடக்கலையை மனமார ஏற்றுக்கொண்டதற்குச் சிறந்த சான்றாக விளங்குகிறது. கதர் உடுத்தியிருந்த பேட்டன் 1932இல் சென்னையில் காவல்துறையினரால் அடிக்கப்பட்டு, அச்செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுந்தபோது, இவ்வாசிரமத்தார் தேர்ந்துகொண்ட எளிய வாழ்க்கை வெறும் புறக்கோலமன்று என்பது ஊரறிந்த செய்தியாயிற்று.

ஆசிரமத்தின் முழு உறுப்பினராக விரும்பியவர் மணவாழ்வைத் துறந்து, தனி வருமானம் இன்றி, குழுவோடு வாழ ஒப்புக்கொள்ள வேண்டும். இந்நிபந்தனை ஆசிரமத்துக்குத் தந்த வலிமையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. குடும்பச் சுமையற்றவர்கள் இரவுபகல் பாராமல் நோயாளிகளுக்குக் கிடைத்தனர். சம்பளம் கேட்காதவர்களால் ஏழைகளிடம் கட்டணம் கேட்காமல் மருத்துவமனை நடத்த முடிந்தது. ஆனால் விடுதலைப் போராட்டக் காலத்தில் இளைஞர் சிலரை ஈர்த்த அதே துறவு, விடுதலைக்குப் பின் அரசு வேலையும் அரசு மருத்துவமனையும் பெருகிய காலத்தில், படித்த இளைஞர் தேடிவரும் வழியாக இருக்கவில்லை. வீட்டில் பிள்ளை பிறந்து குலம் வளர்வதுபோல் வளரவும் வழியில்லாத, வெளியிலிருந்து ஆள் வருவதும் அரிதான ஒரு குலத்தில், நிறுவியவர்களின் வயதே நிறுவனத்தின் வயதாகிவிடுகிறது. இயேசுதாசன் 1969இலும் பேட்டன் 1970இலும் மறைந்தபோது, அவர்கள் இருவரின் இடத்தை அதே வகையில் நிரப்பக்கூடிய ஓர் அடுத்த தலைமுறை அங்கே உருவாகியிருக்கவில்லை.

இச்சிக்கல் திருப்பத்தூருக்கு மட்டும் உரியதன்று. உறுப்புரிமையைப் பற்றிய மூன்று வெவ்வேறு கருத்துகள் 1905 என்னும் ஒரே ஆண்டில் அமைப்புகளாக உருப்பெற்றன. அவ்வாண்டு பிப்ரவரியில் சிகாகோவில் ரோட்டரி சங்கம் தோன்றியது. ஜூனில் புனேயில் கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். டிசம்பரில் செராம்பூரில், வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோரின் முயற்சியால், இந்தியரின் பணத்தாலும் நிர்வாகத்தாலும் நடைபெறும் தேசிய மிஷனரி சங்கம் தோன்றியது. இவற்றுள் கோகலேயின் சங்கம், சிறு உதவித்தொகையோடு வாழ்நாள் முழுவதையும் நாட்டுப்பணிக்கு ஒப்படைப்பவர்களை, நீண்ட பயிற்சிக்குப் பின்னரே உறுப்பினராக ஏற்றது. கோகலே மறைந்த 1915ஆம் ஆண்டில் காந்தியடிகள் சேர விரும்பியபோது உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்து, அவரே தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற நேர்ந்தது. கோகலேக்குப் பின் தலைமையேற்ற வி. எஸ். சீனிவாச சாஸ்திரி போன்ற பேரறிஞர்களைப் பெற்றிருந்தும், அச்சங்கம் எண்ணிக்கையில் எப்போதும் சிறியதாகவே இருந்ததற்கு இந்தச் சேர்க்கை முறையே முதன்மைக் காரணம் எனலாம்.

ரோட்டரியின் விதி முற்றிலும் வேறானது. வாழ்நாளைக் கேளாமல் வாரத்தில் ஒரு வேளையைக் கேட்ட அச்சங்கம், ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவர் என்னும் தொழில்வகை முறையைப் பின்பற்றி, ஊரின் மருத்துவர், வழக்கறிஞர், வணிகர், ஆலை உரிமையாளர் ஆகியோரை ஒரே மேசையைச் சுற்றி அமர்த்தியது. சென்னையில் 1929இல் கால்கொண்ட இம்முறையும், 1956இல் மும்பை வழியாக இந்தியாவுக்கு வந்த லயன்ஸ் சங்கமும் மாவட்ட நகரங்களில் வேர்பிடித்து, கண் சிகிச்சை முகாம், இரத்ததானம், பள்ளிக்குக் கட்டடம் என்று பல பணிகளைச் செய்தன. ஆயினும் இவற்றுக்குள்ளும் முதுமை வேறொரு வழியில் புகுந்தது. அழைப்பின் பேரில் மட்டுமே சேர முடியும் என்பதால், நாற்பது வயதில் தொழிலில் நிலைபெற்ற ஒருவர் தம் வயதையொத்த நண்பரையே அழைக்கிறார். அந்நண்பர் தம் கூட்டாளியை அழைக்கிறார். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது, ஒருவரும் விலகாத அந்தச் சங்கத்தில் அனைவரும் அறுபதைக் கடந்திருக்கிறார்கள். கட்டணம், விருந்து, வாரக்கூட்டம் ஆகிய மூன்றும் வேலைக்குப் புதிதாக வந்த இளைஞருக்கு எட்டாதவை. பெண்களோ 1980களின் இறுதிவரை உறுப்பினராகவே முடியாமல், ரோட்டரி உறுப்பினரின் மனைவியருக்கென இங்கிலாந்தில் 1924இல் தொடங்கப்பட்ட இன்னர் வீல் சங்கத்தில்தான் இடம்பெற்றனர். ஊரின் சரிபாதியை இத்தனை ஆண்டுகள் வெளியே நிறுத்திவைத்தது அறத்தாலும் கணக்காலும் பெரிய இழப்பு. இளையோரைச் சேர்க்கும் ரோட்டரியின் முயற்சியாகப் பள்ளி மாணவர்க்குரிய இன்டராக்ட் சங்கம் 1962இல் அமெரிக்காவில் தோன்றியபோது, அடுத்த ஆண்டே தஞ்சாவூரில் ஒன்று அமைந்தது என்பது தமிழ்நாட்டுக்குப் பெருமை தருவது. 1968இல் இளைஞர்க்கான ரோட்டராக்ட் தொடர்ந்தது.

அக்காலத்தில் ஜவ்வாது மலையையும் உள்ளடக்கியிருந்த வடஆர்க்காடு மாவட்டத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் 1980களின் தொடக்கத்தில் மேற்கொண்ட போலியோ ஒழிப்பு முயற்சி, இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. குழந்தைகளை ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வரச்செய்வதற்குப் பதிலாக, குறித்த நாள்களில் நகரத்துக் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் சொட்டு மருந்து கொடுத்தால் நோய்க்கிருமி பரவ இடமின்றிப் போகும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. வேலூர் ரோட்டரி சங்கம் இதில் துணைநின்றது. ரோட்டரியின் உலக அமைப்பு 1985இல் போலியோ ஒழிப்பைத் தன் பெருந்திட்டமாக அறிவித்தது. 1995இல் இந்திய அரசு நாடு முழுவதும் இம்முறையைக் கைக்கொண்டது. அந்தச் சொட்டு மருந்து நாள்களில் நடந்த வேலையை அருகிலிருந்து பார்த்தால், சங்கங்கள் எவ்வாறு தம்மை அறியாமலே புத்துயிர் பெற்றன என்பது புலனாகும். பனிக்கட்டிப் பொதிகள் சூழ்ந்த சிறு பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் நடக்க, இன்னொருவர் மருந்துக் குப்பியின் மேல் அச்சிட்ட வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் நிறம் மாறிவிட்டதா என்று பார்த்து மருந்தின் தரத்தை உறுதிசெய்ய, மூன்றாமவர் இரண்டு சொட்டு விழுங்கிய குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மையிட்டுக் குறிப்பேட்டில் பதிய, இவை அனைத்தையும் அங்கன்வாடிப் பணியாளர், கல்லூரி மாணவர், செவிலியர், சங்க உறுப்பினர் ஆகியோர் வேறுபாடின்றிப் பகிர்ந்துகொண்டனர். சாலையில்லாத ஊர்களில் நோயாளியையே கம்பில் கட்டிய டோலியில் சுமந்து இறக்கும் மலையில், உருகும் பனிக்கட்டியோடு காலத்தை எதிர்த்து ஏறுவது ஊரறிந்தவர் வழிகாட்டாமல் இயலாதது. இயற்கை வகைக் கிருமியால் தாக்கப்பட்ட இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ அற்றதாக அறிவித்தது. உறுப்பினராகச் சேரச் சொன்னால் தயங்கும் இளைஞர், முடிவு கண்ணுக்குத் தெரியும் ஒரு வேலைக்கு அழைத்தால் வருவார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தமிழ்நாட்டில் இல்லை.

மாணவரைத் தொண்டில் ஈடுபடுத்த 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஒரு சிறப்பு முகாமும் முடித்தவுடன் உறுப்பினரை வெளியேற்றிவிடும் முறையால் என்றும் இளமையோடு இருப்பது. 1951இல் திருப்பத்தூரில் நிறுவப்பட்ட தூய நெஞ்சக் கல்லூரி போன்ற கல்லூரிகள் அடிவாரத்தில் இருப்பதால் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆண்டுதோறும் புதியவர்களே வருவதால், முந்தைய முகாமில் எந்த ஊரில் எந்த வேலை பாதியில் நின்றது என்று நினைவில் வைத்திருப்பவர் எவரும் இருப்பதில்லை. ஆசிரமத்துக்கு நினைவு இருந்தது, இளமை இல்லை. இத்திட்டத்துக்கு இளமை இருக்கிறது, நினைவு இல்லை.

மேற்கூறிய அமைப்புகள் அனைத்திலும் ஒரு பொதுக்குறை உண்டு. மலைமக்கள் அவற்றின் பணியைப் பெறுபவர்களாக இருந்தார்களேயன்றி, அவற்றின் உறுப்பினராவதற்கு ஏற்ற வகையில் விதிகள் அமைந்திருக்கவில்லை. குடும்பத்தைத் துறக்கச் சொல்லும் விதியோ, தொழில்வகைப் பட்டியலோ, கல்லூரிச் சேர்க்கையோ சாமை விதைக்கும் ஒரு பெண்ணுக்குப் பொருந்துவன அல்ல. அண்டை மாவட்டமான தருமபுரியில் 1989இல் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்நிலையை முதன்முதலில் மாற்றின. ஏறத்தாழ இருபது பேருக்கு மிகாத அக்குழுவில் பயன்பெறுபவரே உறுப்பினர், உறுப்பினரே பொறுப்பாளர். பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டமும், மாலைநேரங்களில் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் தன்னார்வலரை அந்தந்தக் குடியிருப்பிலிருந்தே தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டது.

பழைய சங்கங்களின் விதிகளும் இப்போது இளகிவிட்டன. கூட்டத்துக்குத் தவறாமல் வரவேண்டும் என்னும் கட்டாயத்தை ரோட்டரி 2016இல் தளர்த்தியது. ரோட்டராக்டில் இருந்த 30 வயது வரம்பு 2020இல் நீக்கப்பட்டது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுடைய பள்ளி மாணவர் இருந்தால் ஒரு ரோட்டரி சங்கத்தின் ஆதரவில் இன்டராக்ட் சங்கம் அமைக்கலாம் என்னும்போது, ஜவ்வாது மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் அதைத் தொடங்க விதி எதுவும் தடையாக இல்லை. உறுப்பினர் குறைந்துவருவதாக வருந்தும் அடிவார நகரத்துச் சங்கங்கள், முகாம் நடத்த மட்டும் ஏறிவந்த அந்த மலைப்பாதையில் இனி உறுப்பினர் படிவத்தோடும் ஏறிவர வேண்டும்.