நாடுகளை அறிவோம்: டிரினிடாட் – டொபாகோ

வெனிசுலா கடற்கரைக்கு 11 கி.மீ. தொலைவில் உள்ள கரீபிய இரட்டைத் தீவு நாடு.

தலைநகரம்: போர்ட் ஆஃப் ஸ்பெயின்
பரப்பளவு: 5,128 ச.கி.மீ.
மக்கள் தொகை: சுமார் 14 லட்சம்
ஆட்சி மொழி: ஆங்கிலம்
விடுதலை: 31.08.1962

நிலம்
எண்ணெயும் இயற்கை எரிவாயுவுமே முக்கிய வருமானம். லா பிரேயாவில் உலகின் மிகப் பெரிய இயற்கைத் தார் ஏரி உள்ளது.

வரலாறு
1498இல் கொலம்பஸ் டிரினிடாட் வந்தார். ஸ்பெயினிடமிருந்த அத்தீவை 1797இல் பிரிட்டன் கைப்பற்றியது. 1838இல் ஆப்பிரிக்க அடிமைகள் முழு விடுதலை பெற்றதும், கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். முதல் கப்பலான 'ஃபத்தேல் ரஸாக்' 30.05.1845 அன்று கரை சேர்ந்தது. 1917 வரை 1.4 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும், ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகவும் வந்தவர்கள்.

முஸ்லிம்கள்
மக்களில் சுமார் 5 சதவீதம். 1884இல் முஹர்ரம் ஊர்வலத்தின் மீது பிரிட்டிஷ் அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியதில் பலர் உயிரிழந்தனர். இன்று நோன்புப் பெருநாள் அரசு விடுமுறை. நூர் ஹசனலி 1987 முதல் 1997 வரை நாட்டின் அதிபராக இருந்தார்.

மொழி
சென்னையிலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்களிடம் இன்று தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் இல்லை. 'சாமி' என்று முடியும் குடும்பப் பெயர்கள் எஞ்சியுள்ளன. வழிபாடும் உணவும் தலைமுறைகளைக் கடந்து நின்றன. வீட்டில் பேசாத மொழி நிற்கவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு இதில் பாடம் உண்டு.