ஓடாத படத்தின் பாட்டு

1980-இல் பாரதிராஜாவுக்குத் தமிழில் முதல் அடி விழுந்தது. ‘16 வயதினிலே’யில் தொடங்கி எடுத்த தமிழ்ப் படமெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நேரம். தெம்பாக ‘நிழல்கள்’ என்று ஒன்றை எடுத்தார். வேலை கிடைக்காத இளைஞர்கள், வாய்ப்புக்கு ஏங்கும் இசைக்கலைஞன், கடைசியில் சோகம். கூட்டம் வரவில்லை, பெட்டி சீக்கிரமே திரும்பிவிட்டது. வைரமுத்துவின் முதல் பாட்டு அந்தப் படத்தில்தான் என்று பின்னாளில் எல்லோரும் எழுதினார்கள். அதே படத்தில் வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய இன்னொரு பாட்டும் இருந்தது: ‘மடை திறந்து’. ஒருவரும் சீந்தாத ஒரு கலைஞன், தான் பெரிய இசையமைப்பாளர் ஆகிவிட்டதாகக் காணும் கனவு அது. சந்திரசேகர் நடித்தார்; இடையில் இளையராஜாவே திரையில் தலைகாட்டிவிட்டுப் போனார். படத்தில் அந்தக் கனவு பலிக்கவில்லை. பலிக்க இருபத்தாறு வருடம் பிடித்தது, அதுவும் கடல் தாண்டி.

கடலுக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் பஹாங் மாநிலத்தில் பிரிஞ்சாங் மலை நிற்கிறது. உயரம் 2,000 மீட்டருக்குச் சற்று மேல். உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம். மலைச்சரிவில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம்; ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் 1929-இல் தொடங்கிய ‘போ’ நிறுவனத்தின் தோட்டங்களில் ஒன்று. லயத்து வீடுகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வளர்ந்தார்கள். ரேடியோவில் உள்ளூர்க் கலைஞர்களின் மெல்லிசையும் வராமலில்லை. ஆனால் கல்யாணமோ கோயில் திருவிழாவோ, ஒலிபெருக்கியில் ஏறியதெல்லாம் கோடம்பாக்கத்துச் சரக்குதான். தேயிலை இந்த மலையில் விளைந்தது. பாட்டு மட்டும் கப்பலில் வந்து இறங்கியது. இங்குள்ள தமிழனுக்குப் பாட வராதா என்ன?

வந்தது. பினாங்கில் ஆறுமுகம் குடும்பத்துச் சகோதரர்கள் 1960-களின் கடைசியிலேயே கிதாரைத் தூக்கிவிட்டார்கள். பந்து போல் விரிந்த தலைமுடியோடு டேவிட், தேன் குரலோடு லோகநாதன். ‘ஆலிகேட்ஸ்’ என்ற பெயரில் ஹாங்காங் விடுதிகளில் பாடிப் பழகி, ஊர் திரும்பி, நாட்டின் மிகப் பெரிய இசைக்குழுக்களில் ஒன்றானார்கள். மலேசியா முழுவதும் அவர்கள் பாட்டை முணுமுணுத்தது, மலாய் மொழியில்! தமிழன் மேடை ஏறிவிட்டான், தமிழ் கீழேயே நின்றது. அதற்குப் படிக்கட்டு போட்டவர்கள் தமிழர்களே இல்லை என்பதுதான் வேடிக்கை.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத் துணி வாங்கக் காசு வேண்டியிருந்தது. குடியிருப்பின் பொதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து, நுழைவுக் கட்டணம் வைத்து ஒரு விருந்து நடத்தினாள். இசைத்தட்டுப் போட அண்ணன் வந்தான். ஜமைக்காவிலிருந்து குடியேறியவன், பட்டப்பெயர் கூல் ஹெர்க். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்தில்தான் ஆடுபவர்களுக்கு வெறி ஏறுகிறது என்று அவன் கவனித்திருந்தான். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்தத் துண்டை மாற்றி மாற்றி ஓடவிட்டு நீட்டினான். அந்தத் தாளத்தின் மேல் பேச்சு ஏறியது, பேச்சு ராப் ஆனது. தங்கைக்குத் துணி வாங்கக் கூடிய அந்தக் கூட்டத்தின் ஓசை, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கேசட்டிலும் வீடியோவிலும் ஏறிக் கோலாலம்பூர் வந்து சேர்ந்தது.

அப்போது கோலாலம்பூரில் இளைஞர் இசை என்றாலே பெரியவர்களுக்கு ஆகாது. பையன்கள் பிரேக் டான்ஸ் ஆடினார்கள். சென்ட்ரல் மார்க்கெட் பக்கம் கிழிந்த சட்டையும் நிமிர்ந்த முடியுமாகப் பங்க் கூட்டம் கூடியது. வாசிக்கத் தெரிந்த பிறகுதான் மேடை ஏற வேண்டும் என்ற விதியையே கிழித்துப் போட்ட கூட்டம் அது. ஊரெங்கும் ராக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. 1992-இல் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் ஓர் உத்தரவு போட்டார்: நீளமுடிக்காரர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியில் இடமில்லை. கடைசியில் ‘சர்ச்’, ‘விங்ஸ்’ குழுவினர் ஊரறியத் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். திருப்பதியில் முடி இறக்குவதற்காவது வேண்டுதல் என்று ஒன்று இருக்கும். இது ஒளிபரப்புக்கான காணிக்கை. ராப் பையன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிதார் வேண்டாம், நீளமுடி வேண்டாம், வாய் ஒன்று போதும். ஆனால் எந்த மொழியில் வாய் திறப்பது?

நான்கு பேர் அதற்கு ஒரு விடை கண்டார்கள். யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோகோ என்ற அந்த நால்வரின் குழுவுக்குப் பெயர் ‘பொயட்டிக் அம்மோ’, அதாவது கவிதைத் தோட்டா. 1998-இல் வந்த முதல் தொகுப்பான ‘இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்’ பெரும்பாலும் ஆங்கிலம்தான். கூடவே மலாய் இருந்தது, கன்டோனீஸ் இருந்தது, தமிழும் இருந்தது. விருந்தில் ஊறுகாய் வைத்த அளவு. அந்தச் சொட்டு ஊறுகாய் யோகி பியின் நாக்கிலிருந்து போகவில்லை.

தமிழில் ராப் புதிதல்ல என்று சொல்பவர்கள் 1994-இல் வந்த ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பாட்டைக் காட்டுவார்கள். ஏ.ஆர். ரகுமானின் தாளம், சென்னைத் தெருப்பேச்சு, பிரபுதேவாவின் ஆட்டம், எல்லாம் சரி. ஆனால் அது ஒரு படத்தின் நடுவே வந்துபோன வேடிக்கை. ஒரு முழுத் தொகுப்புக்கும் தமிழிலேயே ராப் எழுத உட்கார்ந்தால் இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு. ஆங்கில ராப்பின் உயிர் வரிமுடிவில் வரும் ஒலியொப்புமை. தமிழிலோ வினைச்சொல் வந்து வரியை முடிக்கும். வந்தேன், போனேன், தின்றேன் என்று எதைச் சொன்னாலும் தானாக ஒத்துப்போகும். இலவசமாகக் கிடைப்பதில் என்ன ருசி? இரண்டாவது, ஒட்டுக்கு மேல் ஒட்டாகச் சேர்ந்து தமிழ்ச்சொல் ரயில்பெட்டி போல் நீளும். ஆங்கிலத்தில் மூன்று சொல் நிற்கும் தாளக்கட்டில் தமிழில் ஒன்று நிற்பதே பாடு.

இதற்கான சாவி பழைய யாப்பிலேயே கிடந்தது என்பது என் எண்ணம். தமிழ்க் கவிதை காலங்காலமாக ஒலியை வரியின் கடைசியில் தேடவில்லை, முதலில் வைத்தது. முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. கடைசியில் ஒன்றுவதற்கும் இயைபு என்று பெயர் வைத்து, மூன்றாவது பந்தியில் உட்கார வைத்திருந்தார்கள். வரியின் இரு முனையிலும் தீப்பொறி பறக்க வைத்தால் நீளமான சொல்லும் வேகம் பிடிக்கும். வேண்டியது அந்த வேகத்துக்கு வளையும் நாக்கு. யோகி பிக்கு அப்படி இரண்டு நாக்குகள் துணைக்குக் கிடைத்தன.

டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ். இவர்களோடு அவர் சேர்ந்த குழுவின் பெயர் ‘யோகி பி அண்ட் நட்சத்ரா’. தோட்டங்கள் துண்டுபட்டும் விற்கப்பட்டும், லயத்திலிருந்து நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்த தலைமுறை வளர்ந்திருந்த காலம். வீட்டில் தமிழ், தெருவில் மலாய், பாட்டில் ஆங்கிலம் என்று அந்தப் பிள்ளைகள் மூன்றாகப் பிரிந்து கிடந்தார்கள். இவர்களுக்குச் சினிமாக் காதல் பாட்டும் ஒட்டவில்லை, அமெரிக்கத் துப்பாக்கிப் பாட்டும் ஒட்டவில்லை. 2006-இல் முழுத் தமிழ் ராப் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. பெயர் ‘வல்லவன்’. அதன் ஆணிவேராக அமைந்த பாட்டுக்குக் குழு எங்கே போயிற்று தெரியுமா? அந்த ஓடாத படத்துக்கு.

‘மடை திறந்து’. மெட்டை எடுத்துக்கொண்டார்கள், சுற்றிலும் தங்கள் பேச்சைக் கொட்டினார்கள். கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டதாகத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. வாய்ப்பற்ற கலைஞன் ஒருவனின் கனவுப் பாட்டு அது. சினிமாவின் நிழலில் மூச்சு முட்டிய உள்ளூர்க் கலைஞர்கள் பாட வேறெது பொருந்தும்? அதே 2006-இல் இலங்கைத் தமிழரான கிருஷான் மகேசனும் ‘ஏசியன் அவென்யூ’ என்ற தமிழ் ராப் தொகுப்பைக் கொண்டுவந்தார். யார் முதல் என்ற வாதம் ரசிகர்களுக்குப் பொழுதுபோக்கு. இரண்டுமே தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்தவை என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. கப்பல் திசை மாறியிருந்தது.

மறு வருடமே அது சென்னைத் துறைமுகத்தைத் தொட்டது. வெற்றிமாறனின் முதல் படமான ‘பொல்லாதவன்’ 2007-இல் வந்தபோது, அதில் ஒரு பழைய பாட்டுக்குப் புது உடுப்பு மாட்டினார்கள்: ‘எங்கேயும் எப்போதும்’. 1979-இல் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்காக எம்.எஸ். விஸ்வநாதன் போட்ட மெட்டு. சிங்கப்பூருக்குக் கச்சேரிக்குப் போகும் ஒரு தமிழ் இசைக்குழுவின் கதை அது. பாடியவர் மறுபடியும் பாலசுப்ரமணியம். புது வடிவத்தில் ராப் பாட மலேசியாவிலிருந்து யோகி பி வந்தார். அந்தப் பக்கம் போன குழுவுக்கு இருபத்தெட்டு வருடம் கழித்து வந்த எதிர்மொய் மாதிரி!

அதன் பிறகு கதவு சாத்தப்படவே இல்லை. 2011-இல் ‘ஆடுகளம்’ படத்திலும் யோகி பி பாடினார். 2012-இல் தமிழ்நாட்டிலேயே ‘ஹிப்ஹாப் தமிழன்’ என்ற தொகுப்பு வந்து, அதைச் செய்த ஹிப்ஹாப் தமிழா சினிமாவுக்கே இசையமைக்கப் போனது. 2017-இல் அஜித்தின் ‘விவேகம்’, 2018-இல் ரஜினியின் ‘காலா’, இரண்டிலும் யோகி பியின் குரல். கதாநாயகன் நடந்து வந்தால் பின்னால் ராப் ஒலித்தாக வேண்டும் என்ற நிலை கோடம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. அந்தப் படங்கள் மலேசியத் திரையரங்குகளுக்கும் வந்தன. சொந்தச் சரக்கே புது உறை போட்டு ஊர் திரும்பியது.

பிரிஞ்சாங் உச்சியில் கோபுரம் அப்படியே நிற்கிறது. கல்யாண விருந்துகளில் ஒலிபெருக்கி இருந்த இடத்துக்கு டிஜே வந்தாயிற்று. ‘மடை திறந்து’ மெட்டு தொடங்கியதும் இளைஞர் கூட்டம் மொத்தமும் எழுந்து, ராப் முழுவதையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். சாப்பாட்டு மேசையில் இருக்கும் பெரியவர்களும் தலையாட்டுவார்கள், பாலசுப்ரமணியத்தின் குரலை மனசுக்குள் போட்டுக்கொண்டு. எப்போதாவது பழைய பாடல் நிகழ்ச்சியில் 1980-இன் பாட்டு அசலாக வந்துவிட்டால்தான் சிக்கல். பாட்டு முடியும்வரை காத்திருந்து பேரன் கேட்பான்: “தாத்தா, இது யோகி பி பாட்டாச்சே, ராப்ப யாரு வெட்டுனா?”